மாத்திரைக்குப் பூ கேட்டோம்

பக்கவாதம் வந்த என் அப்பாவை ஐந்து வார இடைவெளியில் இரண்டு முறை ஒரே மருத்துவமனையில் சேர்த்தோம். முதல் முறை ஓர் ஊசி அவரை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. இரண்டாம் முறை அதே ஊசியைப் போட மறுத்துவிட்டார்கள். ஏன் மறுத்தார்கள் என்பது தெரியாத வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கும். எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. அதனால் எழுதுகிறேன். ஆறுதல் தேடி யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

அப்பா வாழைத்தார் மண்டியில் ஏலம் கூறுபவர். சிங்காநல்லூருக்குக் கிழக்கே அந்த மண்டி. காலை ஏழு மணிக்கு மேடையில் ஏறினால் பத்து மணி வரை இறங்க மாட்டார். மைக் கிடையாது. பூவன், நேந்திரன், செவ்வாழை என்று வரிசையாக அடுக்கிய தார்களுக்கு முன்னால் நின்று அவர் விலை கூறுவது சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடை வரை கேட்கும். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தத் தொண்டையால்தான்.

அவர் பள்ளிக்கூடம் போகாதவர். அம்மாவும் போகாதவள். அப்பாவின் அண்ணன், அடுத்த வீட்டிலேயே இருக்கும் என் பெரியப்பா, இன்றைக்கும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். பி.எஸ்ஸி., பிறகு பி.எட். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இதயத்தின் நான்கு அறைகளைக் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் வரைந்து அம்புக்குறி போடுவேன். படம் அழகாக இருக்கும். அதில் ஓர் அறை துடிக்காமல் வெறுமனே நடுங்கினால் என்ன ஆகும் என்று பாடப்புத்தகத்தில் இல்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

அன்று காலை ஆறரை மணி. அப்பா மண்டிக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். பொத்தானைப் பிடித்திருந்த வலது கை நழுவித் தொங்கியது. “என்னங்க?” என்று அம்மா கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டது. வெறும் சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை.

“கிறுகிறுப்பாட்ட இருக்குது. சித்தெ படுத்தாச் செரியாப் போயிரும்” என்று அம்மா பாயை விரித்தாள். பெரியப்பா ஓடி வந்து பார்த்தார். “காத்து அடிச்சிருக்குதும்மா. மொளகா சுத்திப்போட்டு அப்பறம் பாக்கலாம்.”

நான் எதிர்வீட்டுக்கு ஓடி மண்டி முதலாளிக்குத் தொலைபேசி செய்தேன். அவர் வேன் அனுப்பினார். ஏழே முக்காலுக்கு நகரத்துக்குள் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தோம்.

அங்கே முதலில் கேட்ட கேள்வி, “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?” என்பதுதான். பெயரைக் கூடப் பிறகுதான் கேட்டார்கள். நரம்பியல் டாக்டர் நாற்பது வயதுக்காரர், வேகமாகப் பேசுபவர். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தாலும் பக்கவாதம் வரும், அடைத்தாலும் வரும், இவருக்கு அடைப்பு. உறைந்த ரத்தக் கட்டி ஒன்று இடது பக்கக் குழாயில் போய்ச் சிக்கியிருக்கிறது. அதனால்தான் வலது கையும் பேச்சும் போயிருக்கின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று வந்திருக்கிறது, இந்த ஊரில் இதுவரை சிலருக்குத்தான் போட்டிருக்கிறார்கள். ஆரம்பித்து மூன்று மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மருந்து கேட்டால் பேச்சு திரும்பலாம். கேட்காமலும் போகலாம். சிலருக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்து உயிரே போய்விடும்.

“கையெழுத்து யார் போடறீங்க?”

பெரியப்பா முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “ஏனுங்க டாக்டர், ஒரு எட்டுப் போயி அம்மங்கிட்டப் பூ கேட்டுப்போட்டு வந்தர்றனுங்க. சூலூரு தாண்டித்தானுங்க கோயிலு. மொபட்டுல போனா ஒரு மணி நேரத்துல வந்தர்லாமுங்க.”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “உங்களுக்கு ஒரு மணி நேரம் இருக்கும் பெரியவரே. அவருக்கு இல்லை.”

பூ கேட்பது வேறு ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெண் கொடுப்பதற்கு முன், கிணறு வெட்டுவதற்கு முன், பெரிய காரியம் எதற்கு முன்னும் எங்கள் வீடுகளில் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் அடையாளம் தெரியாதபடி ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தால் உள்ளே இருக்கும் நிறம்தான் உத்தரவு. அதற்கு மேல் பேச்சில்லை.

நான் படிவத்தை வாங்கி ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயரையும், பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் எழுதினேன். பட்டத்தை அங்கே யாரும் கேட்கவில்லை.

“ஆம்பளை நானொருத்தன் நிக்கறேன்” என்று பெரியப்பா சொன்னார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

ஊசி என்கிறோமே தவிர, கொஞ்சம் முதலில் நரம்பில் ஏற்றிவிட்டு மீதியை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். ஏற்றும்போதும் அதன் பிறகும் கால் மணிக்கு ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பதினொன்றரைக்கு அப்பா வலது கைக் கட்டை விரலை அசைத்தார். மறுநாள் காலை அன்னம்மா சிஸ்டர் விளக்கைப் போட்டபோது கண்ணைத் திறந்து, “ஏனுங்க அம்மணி, ஒரு வாய் தண்ணி கெடைக்குமுங்களா?” என்றார்.

சிஸ்டருக்குப் பாலக்காட்டுப் பக்கம். அவர் சிரித்துவிட்டார். “ஐயோ, இத்தனை மரியாதை எனக்கு ஆரும் தந்திட்டில்லா.”

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அடுத்த சில நாட்கள் அந்த வராந்தாவில் நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள், ஊசியைக் கண்டுபிடித்தவளே நான்தான் என்று நினைத்திருப்பார்கள்.

ஒறம்பரை என்று நாங்கள் சொல்லும் உறவுக்காரர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில். கட்டிலுக்கு அடியில் பதினோரு பாட்டில் சேர்ந்தது. எல்லோரும் அப்பாவின் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்கள், ஒரு தடவை பேசச் சொல்லிக் கேட்டார்கள். அவரும் சளைக்காமல் கையைத் தூக்கிக் காட்டினார். ஓர் அத்தை, “எங்கே, ஒரு தாரு கூறுங்க பாக்கலாம்” என்றாள். கூறினார். பக்கத்துக் கட்டில்காரர் படுத்துக்கொண்டே, “அம்பது ரூவா” என்று ஏலம் கேட்டார். அப்படிச் சிரித்த நாட்களும் உண்டு.

பெரியப்பாவும் தினமும் வந்தார். அம்மா பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி நீட்டுவாள். “இப்பத்தான் குடிச்சனுங்க அம்மணி” என்பார். தம்பி சம்சாரத்தை ‘ங்க’ போட்டுப் பேசினால் கோபம் என்று அர்த்தம். பத்து நாளும் எங்கள் கையால் ஒரு வாய் தண்ணீர் அவர் குடிக்கவில்லை.

கட்டி எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். இதயத்திலிருந்து. மேலறை ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்ததாம். அப்படி நடுங்கும்போது உள்ளே ரத்தம் தேங்குகிறது. தேங்கினால் உறைகிறது. உறைந்த துணுக்கு ஒன்று கிளம்பினால் நேரே மூளைக்குப் போகிறது. ஊசி அந்த ஒரு துணுக்கைத்தான் கரைத்தது. இதயம் நடுங்குவதை நிறுத்தவில்லை. அடுத்த துணுக்கு உண்டாகாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை, அநேகமாக ஆயுசுக்கும்.

இதை நான் இவ்வளவு தெளிவாக இப்போது எழுதுகிறேன். வீட்டுக்கு அனுப்பிய அன்று இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. இளம் டாக்டர் ஒருவர் நின்றுகொண்டே சொன்னார்: “ரத்தம் உறையாம இருக்கறதுக்கு இது. நிறுத்தக் கூடாது. ரெண்டு வாரத்துல பி.டி. பாத்துட்டு வாங்க.” கையில் ஆங்கிலத்தில் ஒரு தாள். நான் தலையாட்டினேன். பி.டி. என்றால் என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். அறிவியல் டீச்சர் என்று அவரிடமும் நரம்பியல் டாக்டரிடமும் ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருந்தேன். அதனால் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் அப்பா பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. மறுநாள் கதவில் லேசாக இடித்த இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிற்று. அந்த மாத்திரைக்கு அது நடக்கக்கூடியதுதான். ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பதுதான் பி.டி. அதைப் பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஈறில் ரத்தம் வந்தால் உடனே போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதுவும் பிறகு தெரிந்துகொண்டதுதான்.

பெரியப்பா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“ரத்தத்தைத் தண்ணியாக்கிப் போட்டாங்க. அதுதான் பல்லு வழியா ஊத்துது. ஆனைகட்டிப் போற வழீல ஒரு வைத்தியரு இருக்கறாரு. வாதத்துக்கு அவுரு கை பட்டா எந்திரிச்சு நடப்பாங்க. நாப்பத்தெட்டு நாளு பத்தியம். அத்தனை நாளும் இங்கிலீசு மருந்து வவுத்துக்குள்ள போகப்படாது.”

“அப்பா ஏற்கெனவே எந்திரிச்சு நடக்கறாருங்க பெரியப்பா.”

“உன்னைக் கேக்கல கண்ணு. நீ படிச்சவ. என்ற தம்பியக் கேக்கறேன்.”

“நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“அந்த டாக்டருக்கு எங்க தம்பி யாரு? எனக்கு யாரு?”

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் வாழ்நாளில் அண்ணனிடம் ‘மாட்டேன்’ என்று சொன்னதில்லை. ஆயிரம் பேருக்கு நடுவில் தொண்டை கிழியக் கத்துகிறவர், அண்ணன் எதிரில் ‘சரிங்க’ என்பார், ‘ஆவட்டுங்க’ என்பார். அன்றும் என் பக்கமாகத்தான் திரும்பினார்.

“கண்ணு, உங்க பெரியப்பன் நம்மூட்டுக்குள்ள வந்து பதினேழு நாளாச்சு. அவசரத்துல நீ கையெழுத்துப் போட்ட, அது செரி. இதுக்கு அவசரமில்லீல்ல? பூ கேட்டுப்போடலாம். அம்மன் சொன்னா அவுரும் கேட்டுக்குவாரு, நீயும் கேட்டுக்க. யாரு மனசும் நோவாது.”

நான் ‘சரி’ என்றேன். ஏன் சொன்னேன் என்று பல மாதங்களாக யோசிக்கிறேன். அப்பா கெஞ்சியது ஒரு காரணம். இன்னொரு காரணம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது: வெள்ளைதான் வரும் என்று நம்பினேன். அம்மன் மேல் உள்ள நம்பிக்கையில் இல்லை. நான் செய்வது சரி, அதனால் சரியானதுதான் வரும் என்ற நம்பிக்கை. ஊசி கேட்டுவிட்டது அல்லவா, அதிலிருந்து எல்லாம் என் பக்கம் என்று எனக்கு ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். வெள்ளை வந்தால் மாத்திரை, சிவப்பு வந்தால் வைத்தியர். கல்யாணமாகாத பெண்தான் பொட்டலம் கட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தட்டு நிறைய இருந்த பூவில் வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று எடுத்தேன். எருக்கிலையில் மடித்து வாழை நாரால் கட்டினேன். பூசாரி திரும்பி நின்றார், பெரியப்பா கண்ணை மூடியிருந்தார். இரண்டிலும் வெள்ளையை வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது. சீ, நான் எதற்குத் திருட்டு வேலை செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஒழுங்காகக் கட்டினேன். கவனமாக, ஒரே அளவாக, நேர்மையாக.

பூசாரி, “நோவுக்காரரே எடுக்கட்டுங்க” என்றார். அப்பா வலது கையை நீட்டினார். ஊசி திருப்பிக் கொடுத்த கை. எடுத்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது.

அன்று மதியம் பெரியப்பா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். நான் மாத்திரை அட்டையைப் பீரோ மேல் வைத்தேன்.

டாக்டரிடம் போயிருக்கலாம். நேராகப் போய் நடந்ததைச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், ஏதாவது ஒரு வழியும் சொல்லியிருப்பார். இரண்டாம் வாரம் வரச் சொன்ன நாளில் நான் பள்ளிக்கூடம் போனேன். பட்டத்தோடு கையெழுத்துப் போட்டவள், ஒரு பூவுக்காக மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று அந்த மனிதர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? பெரியப்பா மேல் எனக்கு இருக்கும் கோபம் பெரியது. ஆனால் அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். நான் எனக்குத் தெரிந்ததை மறைத்தேன்.

எண்ணெய்யும் கஷாயமும் நடந்தன. ஈறில் ரத்தம் நின்றது. மாத்திரையை நிறுத்தினால் நிற்கத்தான் செய்யும். வீட்டில் எல்லோரும் அதையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு முகம் தெளிந்தது. பெரியப்பா காலையிலும் மாலையிலும் வந்து காபி குடித்தார். அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து பழைய கதை பேசினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்தும்போது, ‘ஒருவேளை இதுவும் சரிதானோ’ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

பத்தியத்தின் பதினாறாம் நாள் அப்பா மண்டிக்குத் திரும்பினார். பத்தொன்பதாம் நாள் அது நடந்தது.

மண்டிக்காரர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நல்ல நேந்திரன் தார் ஒன்று. ஒரு தரம் சொன்னார், இரண்டு தரம் சொன்னார், மூன்றாவது சொல்லவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். விலை போதவில்லை என்று நிறுத்தி வைக்கிறார், அது அவர் வழக்கம்தான் என்று வியாபாரிகள் நினைத்தார்கள். ஒருவர் பத்து ரூபாய் ஏற்றினார். அப்பா அப்படியே நின்றார். இன்னொருவர் மேலும் பத்து ஏற்றினார். “என்னங்ணா, இன்னுமா பத்தலீங்?” என்று யாரோ கேலி செய்தார்கள், கூட்டம் சிரித்தது. நான்காவது முறை ஏற்றிய பிறகுதான் அவர் தார்கள் மேல் சாய்ந்தார்.

இந்த முறை முன்பைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தோம். ஆரம்பித்து ஐம்பது நிமிடம்கூட ஆகவில்லை. பள்ளியிலிருந்து நான் ஆட்டோவில் வந்து இறங்கவும் மண்டி வேன் வரவும் சரியாக இருந்தது. பள்ளிக்குத் தொலைபேசி செய்த மண்டிக்காரர்கள் சொன்ன நேரத்தைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். அதே நரம்பியல் டாக்டரைக் கண்டதும் அதை நீட்டினேன்.

“எட்டு அம்பதுக்கு ஆரம்பிச்சுதுங்க டாக்டர். மூணு மணி நேரத்துக்கு நெறைய இருக்குது. ஊசி போடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

ஸ்கேன் முடிந்து படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “கையெழுத்து இல்லம்மா விஷயம். இது போன தடவை அடிபட்ட இடம். சின்னதுதான், ஆனா இன்னும் ஆறலை. ஒரு தடவை வந்து மூணு மாசம் ஆகாதவங்களுக்கு இந்த ஊசி போட முடியாது. போட்டா அந்தப் பழைய இடத்துலயே ரத்தம் கசியும்.”

“பரவால்லைங்க, நாங்க…”

“நான் போட மாட்டேன்.”

பிறகு படத்தை இறக்கினார். “பி.டி. கடைசியா எவ்வளவு இருந்துச்சு?”

நான் நேரம் எழுதிய காகிதத்தை மடித்தேன்.

“மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்கதானே?”

“நிறுத்திட்டோமுங்க.”

“யாரு சொல்லி?”

பெரியப்பா என் பின்னால் நின்றார். அவர் மூச்சு விடுவது கேட்டது. சொல்லியிருக்கலாம். ‘பூ’ என்ற ஒரு சொல் போதும். ஆனால் என் வாயால் அந்தச் சொல்லை அந்த அறையில் சொல்ல முடியவில்லை. பெரியப்பாவைக் காப்பாற்றினேன் என்று பிறகு அம்மா நினைத்துக்கொண்டாள். நான் காப்பாற்றியது என்னைத்தான்.

“நான்தானுங்க.”

“நீங்க டீச்சர்னு சொன்னீங்க இல்ல?” என்று மட்டும் கேட்டார். பிறகு நோட்டில் எழுதினார். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது. மாத்திரையை மகள் நிறுத்திவிட்டாள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

அதன் பிறகு இருபத்தொரு நாள். முதல் வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில். விழுங்க முடியாததால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு அதில் கஞ்சி ஊற்றினார்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அன்னம்மா சிஸ்டர் அம்மாவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. எனக்கு அது வரவேயில்லை, அம்மாவுக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது. பில்லைப் பற்றி எழுதப் போவதில்லை. மண்டி முதலாளி கட்டினார், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். அன்றுதான் அப்பா முதல் சொல்லைச் சொன்னார். “சரிங்க.”

நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா? பசிக்கிறதா என்று கேட்டோம், “சரிங்க.” வலிக்கிறதா, “சரிங்க.” இது யாரு என்று அம்மாவைக் காட்டினோம். அம்மா முகத்தையே பார்த்துக் கண்கலங்கி, “சரிங்க” என்றார். மாலைக்குள் எங்களுக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் விளக்கினார். நாம் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரியும். பதிலும் மனதுக்குள் இருக்கும். அதைச் சொல்லாக்கி வெளியே அனுப்பும் இடம் போய்விட்டது. சிலருக்கு இப்படிப் பழகிய சொல் ஒன்று மட்டும் தங்கிவிடும். கோபம் வந்தாலும் அதுதான், அழுகை வந்தாலும் அதுதான்.

“உங்கப்பா எதுக்குமே இல்லீன்னு சொல்ல மாட்டாராட்ட இருக்குது!” என்று பக்கத்துக் கட்டில் பெண் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்.

ஒறம்பரைகள் மறுபடி வந்தார்கள். இந்த முறை கையைத் தூக்கச் சொல்லவில்லை. வராந்தாவில் பெரியப்பா அவர்களிடம் சொல்வது உள்ளே கேட்டது. “மொதல்ல போட்டாங்க பாருங்க ஒரு ஊசி, அதுதான் நரம்பைத் தின்னு போட்டுது. பாப்பாதான் கையெழுத்துப் போட்டுது, சின்னப்புள்ள, அதுக்கென்ன தெரியும்.” என்னை மன்னித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் அவர் எதிரில் நின்றேன்.

“ஊசியில்லீங்க பெரியப்பா. மாத்திரைய நிறுத்துனது.”

“பூ பொய் சொல்லாது கண்ணு.”

அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். “உங்கப்பனுக்குக் கேக்குது. சும்மாரு” என்றாள்.

பதினாறாம் நாள் டாக்டர் இன்னொரு ஸ்கேன் பார்த்துவிட்டு, மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். ஆரம்பிக்காவிட்டால் மூன்றாவது முறை வரும், அதைத் தாங்க மாட்டார் என்று நேராகவே சொன்னார். இந்த முறை நான் எல்லாம் கேட்டேன். எந்த மணிக்கு, எவ்வளவு, கீரை சாப்பிடலாமா, ஈறில் ரத்தம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, பி.டி. எங்கே பார்ப்பது. எழுதிக்கொண்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். முதல் முறையே இப்படிக் கேட்டிருக்கலாமே என்று அவர் நினைத்தாரோ என்னவோ, சொல்லவில்லை.

பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “செவப்பு வந்த மருந்து. திரும்பக் கேக்காமக் குடுத்தா சாமி குத்தமாயிரும்.” அம்மாவும் பயந்துபோனாள். “கேட்டுத்தான் போடலாமே கண்ணு” என்றாள். மறுநாள் காலை பெரியப்பா கோயிலுக்குப் போய், அம்மன் பாதத்தில் வைத்த பூக்களைத் துண்டில் முடிந்து மருத்துவமனைக்கே கொண்டுவந்தார். வெள்ளையில் நாலைந்து, சிவப்பில் நாலைந்து.

“போயிக் கட்டிக்கிட்டு வா கண்ணு. ஒங்கையால கட்டறதுதான் மொறை.”

நான் நர்ஸுகள் மேசைக்குப் பின்னால் போனேன். எருக்கிலைக்கு எங்கே போவது? அன்னம்மா சிஸ்டரிடம் புண் கட்டும் துணி கேட்டேன். இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்தார். நான் செவ்வரளிப் பூக்களை எல்லாம் ஊசிகள் போடும் குப்பைத் தொட்டியில் போட்டதையும், இரண்டு துண்டிலும் வெள்ளையை வைத்ததையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வேகம் மோளே. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்” என்றார்.

அரை நிமிடத்தில் கட்டி முடித்தேன். அதுதான் எனக்குக் கசப்பாக இருந்தது. எவ்வளவு சுலபம். அன்று கோயிலில் இதே இரண்டு முடிச்சைப் போடுவதற்கு எனக்கு என் பெருமை இடம் கொடுக்கவில்லை. அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தது என் தொண்டை இல்லை.

இரண்டு பொட்டலங்களையும் அப்பாவின் போர்வை மேல் வைத்தேன். பெரியப்பா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். அம்மா கும்பிட்டாள்.

“எடு தம்பி” என்றார் பெரியப்பா.

“சரிங்க” என்றார் அப்பா. வலது கை வராது. இடது கையால் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா பிரித்தார். வெள்ளை.

“தாயே!” பெரியப்பா பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பொய்யில்லை, அவருக்குத் தம்பி மேல் உயிர். “குடு கண்ணு மாத்திரைய. அம்மனே குடுக்கச் சொல்லிப் போட்டா.” பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அந்தச் செவப்பையும் எடு. ஓடற தண்ணீல உட்டுப்போட்டு வாரேன்” என்றார்.

கோயிலில் மற்றப் பொட்டலத்தைப் பூசாரி பார்த்துக்கொண்டார். அதைப் பிரித்துப் பூவை ஆற்றில் விடுவதும் ஒரு முறை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். போர்வையைப் பார்த்தேன். அங்கே பொட்டலம் இல்லை.

அப்பாவின் இடது கை மூடியிருந்தது. விரல்களுக்கு நடுவில் வெள்ளைத் துணி கொஞ்சம் தெரிந்தது. முப்பது வருடம் வியாபாரிகளின் முகத்தைப் பார்த்தே விலை ஏற்றியவர். என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடு தம்பி.”

“சரிங்க.”

கை திறக்கவில்லை.

“அட, குடுறா. ஆத்துல உடோணும்.”

“சரிங்க, சரிங்க.”

பெரியப்பா குனிந்து ஒவ்வொரு விரலாக நிமிர்த்தப் பார்த்தார். ஒன்றை எடுத்தால் மற்றது இறுகியது. “சரிங்க, சரிங்க, சரிங்க” என்று சொல்லிக்கொண்டே அப்பா அந்தக் கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, அண்ணனுக்கு முதுகைக் காட்டிப் புரண்டு படுத்தார்.